கழிவு போக எண்பத்து நான்கு கிலோ

2023 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். இரவு பெய்த மழை நின்றிருந்தது. தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். அதனால் நடையை மொட்டை மாடியிலேயே முடித்துக்கொண்டேன், நீளவாக்கில் நாற்பது முறை. 5.45க்குக் காபி. 6.10க்குக் குளியல். 6.30க்கு எடை பார்த்தேன்: 61.2 கிலோ. முந்தைய செவ்வாயைவிட இருநூறு கிராம் அதிகம். தீபாவளி முறுக்கு டப்பாவில் இன்னும் மிச்சம் இருந்ததுதான் காரணம். 7.40க்கு மூன்று இட்லி, தக்காளிச் சட்னி. 8.05க்குக் குடையும் சாப்பாட்டு டப்பாவுமாகக் கிளம்பினேன்.

இப்படி எழுதிவைப்பது எனக்கு இருபத்தாறு வருடப் பழக்கம். நான் வேலை பார்ப்பது ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தின் கிடங்கில். கச்சா பட்டை எடை போட்டுச் சாயக்காரர்களிடம் கொடுப்பதும், சாயம் ஏறி வந்த பட்டை எடை போட்டு வாங்குவதும் என் பொறுப்பு. பகலெல்லாம் கிராமைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வீட்டிலும் எதையாவது அளந்து எழுதினால்தான் நாள் முடிந்த மாதிரி இருக்கும்.

அன்று நேராகக் கிடங்குக்குப் போகவில்லை. சின்ன காஞ்சிபுரத்தில் இருக்கும் மாமாவின் சாயப் பட்டறைக்குப் போனேன். மாமா என்றால் என் அக்காவின் கணவர். வயது ஐம்பத்தொன்பது, என்னைவிட ஏழு வயது பெரியவர். முப்பது வருடமாக எங்கள் சங்கத்துக்குச் சாயம் போட்டுத் தருகிறவர். அவரிடம் நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே விஷயம். புற்றுநோய்ப் பரிசோதனைக்குக் கொடுத்த படிவத்தில் அவர் தன் எடையைத் தப்பாக எழுதியிருந்தார். அதை டாக்டரிடம் போய்த் திருத்த வேண்டும்.

அந்தத் தப்பு நடந்தது பதினாறு நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமாவின் அண்ணன் வாலாஜாபாத்தில் இருக்கிறார். அவருக்கு அதற்கு முந்தைய வருடம் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டுபிடித்துச் சிகிச்சை செய்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் அவருக்குப் பார்த்த மருத்துவர், "கூடப் பிறந்த ஆண்கள் எல்லாரும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பல மாதம் மாமா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச முகாம் நடக்கிறது என்று கேள்விப்பட்டதும் அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"நீ கூட்டினு போனாதான் போவாரு. உனக்கும் அம்பது தாண்டிச்சே, நீயும் ரத்தம் குடுத்துட்டு வா. தனியா அனுப்பினா அந்த மனுசன் பாய் கடைல பிரியாணி துன்னுட்டு, குடுத்துட்டேன்னு சொல்லிடுவாரு."

போனோம். அங்கே எடை பார்க்க ஒரு கண்ணாடி மெஷின் வைத்திருந்தார்கள். எங்களுக்கு நாலைந்து பேருக்கு முன்பே அது எண் காட்டுவதை நிறுத்திவிட்டது. படிவம் கொடுத்த நர்ஸ், "தெரிஞ்ச எடைய நீங்களே எழுதிடுங்க சார்" என்றார். நான் 61 என்று எழுதினேன். பக்கத்து நாற்காலியில் மாமா கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு 84 என்று எழுதினார்.

எனக்கு அவருடைய எடை தெரியும். எங்கள் கிடங்கில் ஆயுத பூஜையன்று ஒரு வழக்கம் உண்டு. பெரிய தராசுக்குச் சந்தனமும் பொட்டும் வைத்துக் கற்பூரம் காட்டியதும், முதலில் ஒரு மனிதரை அதில் ஏற்றுவோம். ஆள் எவ்வளவு கனமோ, அந்த வருடம் வேலையும் அவ்வளவு கனமாக வரும் என்பது எங்கள் நம்பிக்கை. எனவே ஒல்லியானவர்களுக்கு அந்த மரியாதை கிடைப்பதில்லை. ஒன்பது வருடமாக ஏறுகிறவர் மாமாதான். அன்று மட்டும் தன் எடையைப் பற்றி அவருக்கு வெட்கமே கிடையாது. மாப்பிள்ளை மாதிரி தோளில் துண்டு போட்டுக்கொண்டு ஏறுவார். முதல் வருடம் 98. 2023 அக்டோபரில் 112. ஒன்பது எண்களும் என் நாட்குறிப்பில் இருக்கின்றன.

"இன்னா மாமா இது, எம்பத்து நாலு?" என்றேன்.

"கழிவு போக," என்றார்.

எங்கள் தொழிலில் இல்லாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கச்சா பட்டில் புழு விட்ட பசை ஒட்டியிருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் வேகவைத்து அந்தப் பசையை எடுத்தால்தான் சாயம் பிடிக்கும். வேகவைத்ததும் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு போய்விடும். அதுதான் கழிவு. சாயக்காரர் நாலு கிலோ வாங்கிப் போய் மூன்று கிலோ கொண்டுவந்தால் அவர் நேர்மையானவர். மாமா தன்னையும் அப்படியே வேகவைத்துவிட்டார். நூற்றுப் பன்னிரண்டில் கால் பங்கு கழித்தால் எண்பத்து நான்கு.

"அசல் சரக்கு அவ்ளோதான் மச்சான். மீதி பசை. உங்க அக்கா போடுற நெய்யி," என்று வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

நான் சிரித்தேன். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன். படிவத்தை நர்ஸ் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஐந்து கிராம் குறைந்தாலும் சாயக்காரரின் எடைச் சீட்டைத் திருப்பிக் கொடுக்கிறவன், இருபத்தெட்டு கிலோ குறைந்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை, பதினேழாம் தேதி சாயங்காலம், முடிவுகள் போனில் வந்தன. புராஸ்டேட் சுரப்பி ரத்தத்தில் விடுகிற ஒரு பொருளைத்தான் இந்தப் பரிசோதனையில் அளக்கிறார்கள், பி.எஸ்.ஏ. என்பார்கள். எனக்கு 3.1. மாமாவுக்கு 2.6. இரண்டு பேருக்கும் கீழே ஒரே வரி: அடுத்த வருடம் மறுபடி பார்த்துக்கொள்ளவும்.

மாமாவுக்கு அது பரீட்சை மதிப்பெண் மாதிரி ஆகிவிட்டது. ஒரு வித்தியாசம், இதில் குறைவாக வாங்கியவர்தான் முதல். தாளை அச்செடுத்து, லேமினேட் செய்து, பட்டறையில் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். டீக்கடையில் என்னைப் பார்த்ததும், "வாப்பா மூணு புள்ளி ஒண்ணு!" என்று கூப்பிட்டார்.

"டெய்லி வாக்கிங் போறான், கொள்ளு துன்றான், சுடுதண்ணி குடிக்கிறான். மார்க்க பாரு. நான் பிரியாணி துன்னுட்டு ரெண்டு புள்ளி ஆறு. யாரு உடம்பு நல்ல உடம்பு?" என்று டீ ஆற்றுகிறவரைக் கேட்டார். அவரும் யோசித்துவிட்டு, "உங்க உடம்புதாண்ணா" என்றார்.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, தாளைக் கோப்பில் வைப்பதற்கு முன் முழுவதும் படித்தேன். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. வயது, உடல் எடை, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, சாப்பிடும் மாத்திரைகள், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் இந்த எண்ணுக்கு மருத்துவர் அர்த்தம் சொல்ல வேண்டும் என்று. உடல் எடை என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டேன். எடைக்கும் இந்த எண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான். டாக்டர் எந்த எடையைப் பார்த்து 'அடுத்த வருடம்' என்று சொன்னாரோ, அந்த எடையில் மாமா இல்லை.

அதனால்தான் செவ்வாய்க்கிழமை காலை பட்டறை வாசலில் நின்றேன். முகாமை நடத்திய டாக்டர் எங்கள் ஊரில் செவ்வாயும் வெள்ளியும் பகலில் உட்காருகிறவர்.

மழைக்காலத்தில் சாயப் பட்டறை பாதி நாள் சும்மா இருக்கும். நூல் காயாது. மாமா அடுப்பு மூட்டாமல், காலி அண்டாக்களுக்கு நடுவில் முக்காலியில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அதுக்கா இந்த தண்ணில நடந்து வந்த? உனக்கு வேற வேல இல்லியா?"

"எட தப்பா இருந்தா அவங்க சொன்ன முடிவும் தப்பா இருக்கலாம் மாமா."

"எழுதுறப்ப நீயும்தான் பக்கத்துல இருந்த. பல்ல காட்டிக்கினு சிரிச்சல்ல?"

"சிரிச்சது என் தப்பு. அதான் வந்திருக்கேன்."

அவர் கடலையை உரிப்பதை நிறுத்தவில்லை. உரித்ததை வாயில் போடவும் இல்லை. அது மடியில் சேர்ந்துகொண்டே இருந்தது. மாமா உரித்த கடலையைச் சாப்பிடாமல் வைத்து நான் பார்த்ததில்லை.

"ரெண்டு புள்ளி ஆறுன்னு வந்துடுச்சு. அடுத்த வருசம்னு சொல்லிட்டாங்க. உங்க அக்கா எத்தினியோ மாசம் கழிச்சு நாலு நாளா நல்லா தூங்குறா. அத ஏன் நோண்டுற?" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "எங்க அண்ணனுக்கு அத கண்டுபுடிச்சப்ப நான்தான் கூட இருந்தேன். அந்த ரூம்ல மறுபடி போயி உக்கார என்னால முடியாதுப்பா," என்றார்.

 பயப்படாதீர்கள் என்று சொல்லலாம். ஆனால் எனக்கே பயமாக இருந்தது. அதனால் எனக்குத் தெரிந்த தொழிலைப் பேசினேன்.

"மாமா, முப்பது வருசத்துல நீங்க குடுத்த சரக்குல எட வித்தியாசம்னு நான் ஒரு சீட்டாச்சும் திருப்பி இருக்கேனா?"

"எவன் சொல்லுவான் அப்படி?"

"யாரும் சொல்ல முடியாது. கச்சா எவ்ளோ, கழிவு எவ்ளோன்னு ரெண்டையும் எழுதிதான் கையெழுத்து போடுவீங்க. வாழ்க்கைலயே ஒரே ஒரு சீட்டுல கச்சா எடைய மறைச்சிட்டு கையெழுத்து போட்டிருக்கீங்க. அது டாக்டர் கைல இருக்குது."

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மடியில் இருந்த கடலையை எல்லாம் ஒரே கையில் அள்ளி வாயில் போட்டுக்கொண்டு எழுந்தார். மென்று முடித்ததும், "சட்டைய மாத்திக்கினு வரேன். அக்கா கேட்டா நூல் எடுக்க போறோம்னு சொல்லு," என்றார்.

டாக்டர் வர நேரம் இருந்ததால் முதலில் இருவரும் கிடங்குக்குப் போனோம். மழை காரணமாக அங்கே மூன்றே பேர் வந்தார்கள், 11.20க்குள் அவர்களுக்கு எடை போட்டு முடித்தேன். 11.45க்கு மாமாவும் நானும் டாக்டரின் அறைக்கு வெளியே இருந்தோம். எங்களுக்கு முன் ஆறு பேர். மாமா சுவரில் ஒட்டியிருந்த சிறுநீரகப் படத்தை, ஒரு புதுச் சேலை டிசைனைப் பார்ப்பது மாதிரி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மெதுவாகப் பேசுகிறவர். மாமா உட்கார்ந்ததும் நானே தொடங்கினேன். மாமாவின் அண்ணனுக்கு வந்த நோயைச் சொன்னேன். படிவத்தில் எண்பத்து நான்கு என்று இருப்பது கழிவு போக எடை, உண்மையான எடை நூற்றுப் பன்னிரண்டு என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"கழிவு போகன்னா?"

மாமா விளக்கினார். பசை, சோப்பு, சோடா, கால் பங்கு எல்லாம் சொன்னார். டாக்டர் கடைசி வரை கேட்டார். பிறகு ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், "இதுவரைக்கும் எடைய குறைச்சு சொன்னவங்க நெறைய பேரு. ஆனா ஃபார்முலா போட்டு யாரும் குறைச்சதில்ல சார்," என்றார்.

பிறகு மாமாவின் படிவத்தையும் முடிவுத் தாளையும் மேசையில் எடுத்து வைத்தார்.

"உடம்பு பெருசா இருந்தா அதுல ஓடுற ரத்தமும் அதிகமா இருக்கும். சுரப்பி விடுற பொருள் அதே அளவுதான்னு வெச்சுக்குங்க. அது அதிக ரத்தத்துல கலந்தா, டெஸ்ட்ல எண்ணு கம்மியா தெரியலாம்."

அவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் மாமா கையை உயர்த்தினார்.

"இருங்க டாக்டர். நான் சொல்றேன், சரியான்னு பாருங்க. அரக்கு கலர் போடணும். ஒரு பொடி அளந்து வெச்சுக்கினு இருக்கேன். சின்ன அண்டால போட்டா தண்ணி திக்கா, ரத்தமாட்டம் இருக்கும். அதே பொடிய பெரிய அண்டால போட்டா ரோசாவாட்டம் வெளுத்து தெரியும். வெளுத்து இருக்குதேன்னு பொடி கம்மின்னு சொல்ல முடியாது. அண்டா பெருசு."

"அதேதான்," என்றார் டாக்டர். "இத நான் காலேஜ்ல படிச்சப்ப இவ்ளோ சுலபமா யாரும் சொல்லல."

மாமா என் பக்கம் திரும்பிப் பெருமையாகப் பார்த்தார். அந்தப் பெருமை எவ்வளவு நேரம் இருந்தது என்று நான் குறிக்கவில்லை. மூன்று அல்லது நான்கு விநாடி இருக்கும். பிறகு தான் சொன்னதன் அர்த்தம் அவருக்கே போய்ச் சேர்ந்தது. முகம் மாறியது.

"அப்போ நான்தான் பெரிய அண்டா," என்றார்.

நான் பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து, ஒன்பது ஆயுத பூஜை எடைகளையும் டாக்டரிடம் காட்டினேன். அவர் ஆச்சரியமாகப் படித்தார். அந்த உற்சாகத்தில் ஒரு தாளில் 2.6ஐ நூற்றுப் பன்னிரண்டால் பெருக்கி அறுபத்தொன்றால் வகுக்கத் தொடங்கினேன். டாக்டர் பேனாவோடு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அப்படிக் கணக்கு போடக் கூடாது. எவ்ளோ குறைச்சு காட்டுதுன்னு ஆளுக்கு ஆள் மாறும். சில பேருக்கு பெரிய வித்தியாசமே இருக்காது. இந்த எண்ண மட்டும் நம்பி நிம்மதியா இருக்க வேணாம்னு எடை சொல்லுது, அவ்ளோதான். அதோட இவரோட அண்ணனுக்கு இருந்திருக்கு. அத ஃபார்ம்ல எழுதினீங்களா?"

மாமா எழுதவில்லை. குடும்பத்தில் யாருக்காவது என்ற இடத்தில் கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டை நான் அன்றுதான் பார்த்தேன். முகாமில் சிரித்துக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவே இல்லை.

"எண்பத்து நாலு கிலோ, குடும்பத்துல யாருக்கும் இல்லைன்னா, ஒரு வருஷம் கழிச்சு வாங்கன்னு சொல்றதுல தப்பில்ல. நூத்துப் பன்னெண்டு, அண்ணனுக்கு இருந்துச்சுன்னா அப்படி சொல்ல மாட்டேன். இன்னைக்கே பாக்கலாம்," என்றார் டாக்டர்.

"அப்போ நான் ஃபெயிலா டாக்டர்?"

"இதுல பாஸும் இல்ல, ஃபெயிலும் இல்ல. இன்னும் கொஞ்சம் பாக்கணும்னு அர்த்தம்."

மறுபடி ரத்தம் எடுத்தார்கள். பிறகு டாக்டர் மாமாவைத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். இந்தச் சுரப்பியைக் கையால் தொட்டுப் பார்க்கும் முறை எது என்று மாமாவுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, சொன்னால் வந்திருக்க மாட்டார். திரைக்குப் பின்னாலிருந்து, "டாக்டர், அங்கயா?" என்று ஒரு குரல் கேட்டது. "ரெண்டு நிமிஷம்தான், மூச்ச இழுத்து விடுங்க," என்று இன்னொரு குரல். வெளியே வந்தபோது மாமா வேட்டியை இருமடங்கு இறுக்கமாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமா?" என்றேன்.

"நீ பேசாத. உன்னாலதான்."

டாக்டர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பருமனான உடம்பில் விரலுக்கு எல்லாம் எட்டாது என்றும், எட்டிய வரையில் ஒரு பக்கம் கொஞ்சம் கெட்டியாகத் தோன்றுகிறது என்றும் சொன்னார். வயதானாலும் அப்படி இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தால் தெரியும். சனிக்கிழமைக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு என் தாளையும் வாங்கிப் பார்த்தார். ஒல்லி உடம்பு, குடும்பத்தில் யாருக்கும் இல்லை, 3.1க்கு இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், அடுத்த வருடம் வாருங்கள் என்றார். மாமாவைக் கேலி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்திருக்காது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

எழும்போது டாக்டர் கேட்டார். "அண்ணனத் தவிர வேற கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?"

"ஒரு தம்பி. தாமல்ல இருக்குறான்."

"டெஸ்ட் எடுத்தாரா?"

"கூப்ட்டேன். ஏரி நெரம்புது, பாக்கணும்னு சொல்லிட்டு வரல."

"எடை?"

மாமா கொஞ்சம் தயங்கினார். "என்னவிட சின்ன அண்டா இல்ல டாக்டர்," என்றார்.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு குடையில் நூற்றுப் பன்னிரண்டு கிலோவும் அறுபத்தொரு கிலோவும் நடந்தால் யார் நனைவது என்று சொல்லத் தேவையில்லை.  என் வலது பக்கச் சட்டை முழுவதும் நனைந்த பிறகு மாமா நின்று, குடையை என் பக்கம் தள்ளினார்.

"நூத்துப் பன்னெண்டுன்னு அக்காகிட்ட சொல்லாத. நூறுன்னு சொல்லு. சோறு நிறுத்திடுவா."

"மாமா..."

"சரி, சரி. நானே சொல்றேன்."

சாயங்காலம் 6.30க்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமா தலையைக் குனிந்துகொண்டு சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டிருந்தார். அக்கா தோசைக்கல்லுக்கு முன் நின்றிருந்தாள்.

"நூத்துப் பன்னெண்டுன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள் என்னிடம். "இந்த மனுசனோட பேண்ட்டுக்கு இடுப்புல துணி வெச்சு தைக்கிறது யாரு? ரெண்டு பேரும் சேந்து யார ஏமாத்துறீங்க? எடை வெச்சு வெளையாடுறதுக்கு ஆஸ்பத்திரி ஃபாரம்தான் கெடச்சுதா?"

"தப்புதாங்க்கா."

"அவருக்கு அறிவு இல்ல. உனக்கு எங்க போச்சு? நீ அஞ்சு கிராமுக்கு ஊரையே திட்டுறவன் ஆச்சே."

 கல்லில் தோசை கருகிக்கொண்டிருந்தது, அக்கா திருப்பவில்லை. குரலைத் தாழ்த்தி, "அதுதானாடா?" என்று கேட்டாள்.

"தெரியாதுக்கா. டாக்டருக்கும் இன்னும் தெரியாது. தெரிஞ்சிக்கதான் ஸ்கேன். ஆனா ஒரு வருசம் கழிச்சு தெரியறதுக்கு பதிலா சனிக்கிழம தெரியப்போவுது."

அவள் தலையாட்டினாள். கருகிய தோசையை எடுத்து என் தட்டில் போட்டாள். நான் அதைச் சாப்பிட்டேன். உள்ளேயிருந்து மாமா, "எனக்கு ரெண்டு போதும்மா, ரெண்டே ரெண்டு," என்றார். அந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியம் அதற்கு முன் கேட்டதில்லை. அக்கா என்னைப் பார்த்தாள்; இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

படிக்கிறவர்களைக் காக்கவைப்பது எனக்குப் பிடிக்காது என்பதால் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேனில் சின்னதாக ஒரு புள்ளி தெரிந்தது. ஊசி வைத்துத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் மிக ஆரம்ப நிலை, மெதுவாக வளரும் வகை. அறுவை வேண்டாம், விடாமல் கவனித்துக்கொண்டிருந்தால் போதும் என்றார் டாக்டர். இரண்டு வருடம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கிறார். மாமாவின் எடை இப்போது 97. எடை இறங்கிய பிறகு எடுத்த ஒரு பரிசோதனையில் எண் 2.8 என்று கொஞ்சம் ஏறி வந்தபோது நாங்கள் எல்லாரும் கலங்கினோம். அவர் மட்டும், "அண்டா சின்னதாச்சுன்னா சாயம் கொஞ்சம் திக்காதான் தெரியும்" என்றார். டாக்டர் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, அதை மட்டும் நம்பாமல் இன்னொரு ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார். அதில் ஒன்றும் கூடவில்லை.

இதெல்லாம் பிற்பாடு. அந்தச் செவ்வாய்க்கிழமை எங்களுக்கு ஒன்றும் தெரியாது. 8.10க்கு வீட்டுக்கு வந்து, ஈரச் சட்டையைக் காயப்போட்டு, அன்றைய பக்கத்தை எழுதினேன். மாமாவின் எடை என்ற இடத்தில் 112 என்று எழுதி, படிவம் திருத்தப்பட்டது என்று பக்கத்தில் குறித்தேன். 9.15க்குப் படுத்தேன்.

புதன்கிழமை காலை 4.50க்கு எழுந்தேன். பாலை அடுப்பில் வைப்பதற்குள் வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். இரவில் சரியாகத் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. ஆனால் முகம் சவரம் செய்து, நெற்றியில் விபூதி பளிச்சென்று இருந்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தம்பிக்குப் போன் போடு. என் நம்பர்ல இருந்து போட்டா எடுக்க மாட்டான், டெஸ்டுக்குன்னு தெரிஞ்சிடும்," என்றார்.

என் போனிலிருந்து போட்டேன். நாலாவது மணியில் எடுத்தார். மாமா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"டேய், நான்தான். இன்னும் தூங்கிக்கினு இருக்கியா? எழுந்துரு... யாருக்கும் ஒண்ணும் ஆவல, பயப்படாத... ஏரி எங்கியும் போயிடாது, தண்ணி வடிய மாசி ஆவும். வெள்ளிக்கிழம டாக்டர் வர்றாரு. முதல் பஸ் புடிச்சு வந்துடு, நான் கூட உக்காந்துக்கிறேன்... அந்த ரூம் ஒண்ணும் பண்ணாதுடா. நேத்து நானே போயிட்டு வந்தேன்."